மதியம் ஒன்றேகாலுக்கு வரும் 1027

லீலாவதியின் மேஜை இழுப்பறையில் நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருக்கும். கம்பெனியில் அதற்கு எண் நோட்டு என்று பெயர். அதில் அவள் கையெழுத்தில் நாற்பது பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண், 1001-இல் தொடங்கி 1040 வரைக்கும். வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. கோடு விழுந்த எண்ணை அவள் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. ஒரே ஒரு முறைதான் அந்த வழக்கத்தை மீறினாள். அந்த ஒரு முறை, பாவம், ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டது.

பெரம்பலூரில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்தக் கம்பெனி. வெளிநாட்டுப் பதிப்பகங்கள் அனுப்புகிற எழுத்தை வாங்கி, பக்கம் பக்கமாகக் கட்டி, புத்தகமாகத் திருப்பி அனுப்புவது தொழில். எல்லாப் பக்கங்களும் பெரம்பலூரில் உள்ள லினக்ஸ் சர்வரில் இருக்கும். பக்கம் கட்டுகிற பிள்ளைகளோ அரியலூர் கிளையில், மேக் கம்ப்யூட்டர்களின் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே உட்கார்ந்தபடியே இங்கே இருக்கிற ஃபைலைத் திறந்து வேலை பார்க்க வேண்டும். இந்த இரண்டு ஊரையும் இணைத்து வைத்திருப்பவள் லீலாவதி.

சர்வர் பெயரைப் பார்க்காது, முகத்தையும் பார்க்காது. கார்டு நம்பரைப் பார்த்துச் சாமான் போடுகிற ரேஷன் கடைக்காரர் மாதிரி எண்ணை மட்டும்தான் பார்க்கும். அரியலூர் கம்ப்யூட்டர் "நான் 1012 வந்திருக்கிறேன்" என்று சொன்னால், 1012-க்கு உரிய ஃபைல் திறக்கும். மற்றவர்கள் ஃபைலைத் தொட்டால் 'பர்மிஷன் டினைட்' என்று வந்து நிற்கும். அனுமதி மறுப்பு. ஆனால் புதிதாக வாங்கும் மேக் ஒவ்வொன்றும் தன்னை முதலில் திறக்கிற ஆளுக்கு 501 என்று தானாகவே எண் போட்டுக்கொள்ளும். பத்து கம்ப்யூட்டர் வாங்கினால் பத்து பேரும் 501. சர்வருக்கு அந்தப் பத்து பேரும் ஒரே ஆள். அதனால் புது கம்ப்யூட்டர் வந்தாலும், புது ஆள் வந்தாலும், லீலாவதி பஸ் ஏறி அரியலூர் போய், நோட்டைப் பார்த்து இரண்டு பக்கமும் ஒரே எண் வருகிற மாதிரிக் கையாலேயே மாற்றிவிட்டு வருவாள். இதற்கெல்லாம் இப்போது வேறு நல்ல முறைகள் உண்டு. எம்.டி. நடராசனிடம் அவள் இரண்டு முறை சொல்லியும் பார்த்தாள். "நோட்டு நல்லாத்தானம்மா ஓடுது" என்றுவிட்டார்.

எண்களின்மேல் அவளுக்கு அப்படி ஒரு பிடிப்பு வந்ததற்குக் காரணம் கம்பெனியில் இல்லை, குரும்பலூரில் அவள் வீட்டில் இருந்தது. அவள் கணவன் தமிழழகன் மஞ்சள் காமாலை முற்றி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவன் போனை அணைத்து பீரோவில் வைத்தாளே தவிர, அந்த நம்பருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்துகொண்டுதான் இருந்தாள். மகள் முத்தமிழ் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய வருஷம் அந்த அலைச்சலில் சில மாதம் விட்டுப்போயிற்று. பிறகு ஒரு நாள் மனசு கேட்காமல் அந்த நம்பருக்கு அடித்தாள். மணி போயிற்று.

"ஹலோ, யாரும்மா வேணும்?" துறையூர்க்காரர் ஒருவர் பேசினார். பின்னால் மாடு கத்தியது.

"யாருமில்லீங்க" என்று சொல்லி வைத்தாள்.

போனவர்களின் எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்கிற பாவத்தைத் தன் கையால் செய்வதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

1027 பரணிதரனின் எண்.

முப்பத்தி நாலு வயது. அரியலூர் கிளையில் பக்கம் கட்டுவதோடு திருத்தப் பிரதிகளைப் பார்க்கும் வேலையும் அவனுக்கு. திருத்துகிறவர்களிடமிருந்து திரும்பி வருகிற பக்கங்கள் எல்லாம் 'ரிட்டர்ன்' என்கிற ஃபோல்டரில் வந்து குவியும். அவற்றைப் பிரித்து உரியவர்களுக்கு அனுப்புவான். எதையும் குவிய விடமாட்டான். அவன் மேஜையில் ஒரு காகிதத் துண்டுகூடக் கிடக்காது. தினமும் போனில், "அக்கா, சர்வர் சௌக்கியமா?" என்றுதான் ஆரம்பிப்பான். லீலாவதி சௌக்கியமா என்று கேட்க மாட்டான். அவளும், "அதுக்கென்ன, ஏசியில படுத்திருக்கு. நாந்தான் வெயில்ல கெடக்கேன்" என்பாள்.

தை மாதம், பொங்கல் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. காலையில் வேலைக்கு வந்துகொண்டிருந்தவனைச் சுண்ணாம்புக்கல் ஏற்றிவந்த லாரி அடித்துப் போட்டது. அந்தச் சாலையில் அது புதிதில்லை. வெள்ளைப் புழுதி படிந்த வேலிச்செடிகளுக்கு நடுவே ஆங்காங்கே கட்டியிருக்கும் மாலை போட்ட படங்களைப் பார்த்தால் தெரியும். செய்தி வந்தபோது லீலாவதி சர்வர் அறையில் இருந்தாள்.

பதினாறாம் நாள் கழிந்ததும் செய்ய வேண்டியதைச் செய்தாள். 'ரிட்டர்ன்' ஃபோல்டரைக் கிளைப் பொறுப்பாளர் ரஞ்சித்குமார் பெயருக்கு மாற்றினாள். பக்கம் கட்டுகிறவர்களின் குழுவிலிருந்து 1027-ஐ எடுத்தாள். அந்தக் குழுவில் உள்ள எண்கள்தான் அந்த ஃபோல்டரில் எதையும் வைக்கலாம், அழிக்கலாம். நோட்டைத் திறந்து சிவப்புப் பேனாவையும் எடுத்தாள். கோடு போட மட்டும் கை வரவில்லை. அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று மூடி வைத்தாள்.

மறுநாளிலிருந்துதான் அது வர ஆரம்பித்தது.

அரியலூர் கம்ப்யூட்டர்களில் நாள் முழுக்க எழுகிற தகராறுகள் எல்லாம் சாயங்காலம் ஒரு பட்டியலாக அவளுக்கு வந்துசேரும். எண், நேரம், தகராறு. ஒரு தகராறுக்கு ஒரு வரி, அதற்குமேல் விவரம் வராத மாதிரி அவளேதான் அதை அமைத்திருந்தாள். அன்றைய பட்டியலில் ஒரு வரி: 1027, மதியம் 1.15, அனுமதி மறுக்கப்பட்டது. அந்த எண்ணை அவள் இன்னொரு முறை படித்தாள். பரணிதரனின் கம்ப்யூட்டரை யாரும் அணைக்கவில்லை, அதில் ஏதோ ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று உடனே தெளிந்தாள். அரியலூர் போகும்போது என்னவென்று பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளும் வந்தது. அதற்கு அடுத்த நாளும். தினம் மதியம் ஒன்றேகால். எல்லாரும் சாப்பிடுகிற நேரம்.

அவள் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கத்தான் வேண்டும் என்று அறிவு சொல்லும். பார்த்தால் நிறுத்த வேண்டிவரும் என்று மனசு தடுக்கும். யாரோ வாசலில் வந்து கதவைத் தட்டிவிட்டு, திறக்காததைக் கண்டு திரும்பிப் போவது மாதிரி இருக்கும் அந்த வரி. பிப்ரவரி முழுக்க, மார்ச் முழுக்க, பட்டியல் வந்ததும் முதலில் அவள் கண் தேடியது அதைத்தான். வீட்டில் பேச ஆளில்லை, மகள் திருச்சியில் ஹாஸ்டலில். செத்தவனின் எண்ணில் வருகிற ஒரு வரியோடு அவளுக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

சித்திரை பிறந்ததும் பரணிதரனின் வேலையை அவன் மனைவிக்குக் கொடுத்தார் எம்.டி. அவள் பெயர் இலக்கியா. ஜெயங்கொண்டம் பக்கத்துப் பெண். இரண்டு பிள்ளைகள். மாமியார் பெரியம்மாள், மகன் செத்த நாளிலிருந்து மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த வேலை கிடைத்தபிறகுதான், "எம்மவன் சீட்டுக்குப் போற, பேரக் காப்பாத்து" என்று ஒரு வார்த்தை பேசினாளாம். அந்த வேலை இருந்தால்தான் அந்த வீட்டில் அவளுக்கு இடம். இதை இலக்கியாவே சொன்னாள், எண் வாங்கப் பெரம்பலூர் வந்த அன்று.

நோட்டில் 41-ஆவது பெயராக அவளை எழுதி, எதிரே 1041 என்று போட்டாள் லீலாவதி.

இரண்டாம் நாள் ரஞ்சித்குமார் போன் செய்தான். "மேடம், அந்தப் பொண்ணால பரணி வச்சிட்டுப் போன ஃபைல் ஒண்ணும் தொறக்க முடியல. எதைத் தொட்டாலும் பர்மிஷன் டினைட்டு. அது ஒக்காந்து அழுவுது."

லீலாவதி பஸ் ஏறினாள். கோளாறு என்ன என்று அவளுக்கு அரியலூர் போய்ச் சேருவதற்கு முன்பே தெரியும். பரணிதரன் பாதியில் விட்ட பக்கங்கள் எல்லாம் 1027-க்குச் சொந்தம். இலக்கியா 1041. புருஷன் ஃபைலுக்குப் பெண்டாட்டி அந்நியம். சரிசெய்ய ஒரே ஒரு வரி போதும். 1027-க்குச் சொந்தமானதெல்லாம் இனி 1041-க்குச் சொந்தம் என்று சர்வரிடம் சொல்ல வேண்டும். அவ்வளவே.

பரணிதரனின் நாற்காலியில் இலக்கியா, பக்கத்தில் லீலாவதி. அந்த வரியை அடித்து முடித்துவிட்டாள். என்டர் பொத்தானின்மேல் விரலை வைத்தாள். அதை அழுத்தினால் அடுத்த நிமிஷம் அந்தச் சர்வர் முழுக்கத் தேடினாலும் 1027 என்று ஒன்றும் இருக்காது. பதினோரு வருஷம் உழைத்தவன் தடம் இல்லாமல் போய்விடுவான். துறையூர்க்காரரின் குரலும் மாட்டின் சத்தமும் அவள் காதில் கேட்டன.

அடித்ததை அழித்தாள்.

"இலக்கியா, உனக்கு நம்பரு மாத்திக் குடுக்கட்டுமா?"

"எதுனாலும் சரிங்க்கா. ஃபைலு தொறந்தா போதும்."

"அவரு நம்பரையே வச்சுக்க. ஊருல இருக்கறவங்களுக்குக் குடுத்தாத்தான் தப்பு. நீ அவரு பொண்டாட்டி."

இலக்கியா லீலாவதியின் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

லீலாவதி பரணிதரனின் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு, காட்டுகிற பெயரையும் பாஸ்வேர்டையும் மட்டும் மாற்றினாள். சர்வரில் 1027-ஐ மறுபடி குழுவில் சேர்த்தாள். நோட்டில் 1041-ஐ அடித்துவிட்டு, பரணிதரன் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இலக்கியா என்று எழுதினாள். ஃபைல்கள் திறந்தன. கடைசியாக அவன் கட்டிய பக்கம் திரையில் வந்தது. பாதிப் பக்கத்தில் வரி நின்றிருந்தது. அதற்குக் கீழே வெள்ளை. இரண்டு பெண்களும் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று சாயங்காலப் பட்டியலில் 1027 இல்லை. மறுநாளும் இல்லை. அதன்பிறகு வரவே இல்லை.

லீலாவதிக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சர்வர் படித்தவள்தான், லினக்ஸ் தெரிந்தவள்தான். ஆனாலும் அவளுக்குத் தோன்றியது இதுதான்: தட்டிக்கொண்டே இருந்தவனுக்குக் கதவு திறந்தாயிற்று, அவன் ஆத்மா அடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோவிலுக்குப் போய் அவன் பெயருக்கு ஒரு விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்று நன்றாகத் தூங்கினாள்.

வைகாசி முதல் வாரம், காலை பதினொரு மணிக்கு ரஞ்சித்குமாரின் போன்.

"மேடம், ரிட்டர்ன் ஃபோல்டர்ல செடிப் புக்கைக் காணோம்."

லண்டன் பதிப்பகம் ஒன்றின் மூன்று பாக நூல் அது. மருந்துச் செடிகளைப் பற்றியது. மொத்தம் எண்பத்தி நாலு அத்தியாயம். பரணிதரன் போனபிறகு 'ரிட்டர்ன்' ஃபோல்டர் சும்மா கிடக்கிறதே என்று, முடித்த அத்தியாயங்களை அதில் வைக்கச் சொல்லியிருந்தான் ரஞ்சித்குமார். முடித்ததை யாரும் திரும்பத் திறப்பதில்லை. இன்றைக்கு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டலாம் என்று திறந்தால் இருபத்தி மூன்றுதான் இருக்கிறது. அறுபத்தொன்று போயிற்று.

"பேக்கப்ல இருக்கும்ல மேடம்?"

லீலாவதி ஏற்கெனவே அங்கேதான் தேடிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்வரில் இருப்பதை அப்படியே இன்னொரு டிஸ்கில் படியெடுப்பது வழக்கம். சர்வரில் இல்லாததை அந்த டிஸ்கும் விட்டுவிடும். இடம் போதாது என்று அப்படி வைத்திருந்தாள். நான்கு ஞாயிறு கடந்திருந்தது.

சர்வரின் பதிவேட்டைத் திறந்தாள். அழித்தவர் 1027. நேரம் மதியம் 1.15. இலக்கியாவுக்கு எண் கொடுத்த அதே நாள் முப்பத்தெட்டு அத்தியாயம். பிறகு நாளுக்கு ஒன்று, இரண்டு. 1027 என்றால் யார் என்று நோட்டைப் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பதிவேட்டின் நகல் எம்.டி.க்கும் ரஞ்சித்குமாருக்கும் தானாகவே போகும். அவர்களும் பார்த்துவிட்டார்கள்.

அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் குன்னம் தாண்டும்வரை கண்ணைத் திறக்கவில்லை. ஒன்றேகால் என்ற நேரம் மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

கிளையில் இலக்கியாவைத் தனியாக ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்று உத்தரவு. பக்கத்து மேஜை புவனேஸ்வரி யாரையும் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தாள். அறுபத்தொன்றில் பத்தொன்பது அவள் கட்டியவை, அவளுக்கும் வயிறு எரிந்தது.

"புருசன் சீட்டுல வந்து ஒக்காந்தா மட்டும் போதுமா? ஒண்ணேகாலுக்குச் சோத்தோட சேத்து ஃபைலையும் தின்னுபுட்டா மகராசி."

இலக்கியா தலை நிமிரவில்லை. லீலாவதியைக் கண்டதும், "அக்கா, நான் எதையும் தொடலீங்க்கா. அந்நேரத்துக்கு டப்பாவத் தொறந்து சாப்புட்டுட்டு இருப்பேன். புள்ளைங்க மேல சத்தியம்" என்றாள்.

"சத்தியம் பண்ணாத. கொஞ்ச நேரம் பேசாம இரு."

பரணிதரனின் கம்ப்யூட்டரைத் திறந்தாள். நேரம் குறித்து ஓடும் வேலைகளின் பட்டியல் ஒன்று உள்ளே இருக்கும். அதைக் கேட்டாள். ஒரே ஒரு வரி வந்தது. தினமும் மதியம் ஒன்று பதினைந்துக்கு, 'ரிட்டர்ன்' ஃபோல்டரில் முப்பது நாளைத் தாண்டியவற்றை எல்லாம் அழி. மேலே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: குப்பை அள்ள. பரணி.

அப்போதுதான் நினைவு வந்தது. போன வருஷம், ஆடி மாதமாக இருக்கும். போனில் சிரித்துக்கொண்டே சொன்னான். "அக்கா, ரிட்டர்ன்ல குப்பை அள்ள ஒரு ஆளு போட்டுட்டேன். சம்பளம் கேக்காது, லீவு கேக்காது. எல்லாரும் சோத்துக்குப் போறப்ப வந்து கூட்டிட்டுப் போயிரும்." அவளும் சிரித்தாள். "எனக்கும் ஒரு ஆளு அனுப்பு, வூட்டைக் கூட்ட" என்றாள். அத்தோடு மறந்தாள்.

அவன் செத்தபிறகும் அந்த ஆள் நாள்தோறும் வந்திருக்கிறான். அனுமதி இல்லை என்று சர்வர் கழுத்தைப் பிடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறது. இரண்டரை மாதமாக அவள் வாசல் தட்டல் என்று நினைத்து உருகியது அந்தத் துடைப்பக்காரனைத்தான். அந்தக் கதவைத் திறந்துவிட்டவள் அவள். திறந்துவிட்டுக் கோவிலுக்குப் போய் விளக்கும் போட்டவள் அவள்.

லீலாவதி இலக்கியாவை மாடிப்படிக்குக் கூட்டிப் போனாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்த இலக்கியா ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"அப்ப, அவரு போட்டதுதானா?"

"ஆமா."

"இத்தன நாளு ஓடாம இருந்துச்சா?"

"ஓடுச்சு. சர்வரு விடல."

"நீங்க அவரு நம்பர எனக்குக் குடுத்தப்புறம் விட்டுருச்சு."

"ஆமா இலக்கியா."

இலக்கியா படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். கீழே ஒரு லாரி போயிற்று. வெள்ளைத் தூசி படி வரைக்கும் எழும்பி அடங்கியது.

"1041 நல்லாத்தாங்க்கா இருந்துச்சு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அதைவிட அவள் செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம்.

மறுநாள் காலை லீலாவதி அந்த ஒற்றை வரியை அச்சடித்து எடுத்துக்கொண்டு எம்.டி. அறைக்குப் போனாள். நடராசன் கெட்ட மனிதர் இல்லை. இலக்கியாவுக்கு வேலை கொடுத்தவரும் அவர்தான். முகம் கறுத்து உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா லீலா, எனக்குப் புரியிற மாதிரி சொல்லு. அழிச்சது யாரு?"

"பரணி எழுதி வச்ச புரோகிராமு சார்."

"பரணி செத்து எத்தன மாசம்?"

"அஞ்சாவது மாசம் சார்."

"அப்ப, செத்தவன் வந்து அழிச்சுட்டுப் போயிட்டான்னு லண்டனுக்கு மெயில் போடவா?"

"தப்பு என்னுது சார். ஒருத்தரு நம்பர இன்னொருத்தருக்குக் குடுக்கக் கூடாது. நான் குடுத்தேன். எம்பேர எழுதி அனுப்புங்க. அந்தப் புள்ள ஒண்ணும் பண்ணல."

நடராசன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"சிஸ்டம் பாக்குறவளே தப்பு பண்ணாள்னு எழுதுனா, லண்டன்காரன் அத்தன புக்கையும் திருப்பி எடுத்துட்டுப் போயிருவான். நாப்பது குடும்பம். புதுசா வந்த பொண்ணு தெரியாம அழிச்சிருச்சு, நீக்கிட்டோம்னு எழுதுனா ஒத்துக்குவான். நேத்தே எழுதிட்டேன்."

"சார், அது ரெண்டு புள்ளைய வச்சிருக்கு."

"எனக்குத் தெரியாதா? நீ போறேன்னா போ. நீ போனா நாளைக்கு இந்தச் சர்வரு முன்னால நின்னு எதைத் தட்டணும்னு யாருக்குத் தெரியும்? அந்த நோட்டு ஒருத்தனுக்குப் புரியுமா? அந்தப் புள்ள போனா ஒரு சீட்டு காலி. நீ போனா ஆபீசே காலி."

"நானும் போயிடுறேன் சார்."

"போ. போயிட்டா அந்தப் புள்ளைக்கு வேல திரும்பக் கெடைச்சிருமா?"

லீலாவதிக்கு முத்தமிழின் ஹாஸ்டல் நினைவுக்கு வந்தது. அப்படி நினைவு வந்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. ஆனாலும் நினைவு வந்தது.

"அந்த மேக்க யாரும் தொடக்கூடாது" என்றார் எம்.டி. "லண்டன்லேருந்து ஆளு வந்து பாக்கலாம். அது வரைக்கும் இருக்கிறபடியே ஓடட்டும். சர்வருல மட்டும் அந்த நம்பர நிறுத்து."

வந்து பார்த்தால் அந்த வரி அவர்கள் கண்ணில் படும் என்று லீலாவதி ஒரு நூலளவு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மதியம் இலக்கியா அடையாள அட்டையை ஒப்படைக்கப் பெரம்பலூர் வந்தாள். லீலாவதி நடந்ததைச் சொல்லி, எம்.டி.யின் அறைக்கு இன்னொரு முறை போகலாம் வா என்று கூப்பிட்டாள். இலக்கியா மறுத்தாள்.

"வேணாங்க்கா. எங்க மாமியா காதுக்கு, 'உம்மவன் எழுதி வச்சதுதான் அழிச்சுது'ன்னு போயிடக் கூடாது. எங்க மூணு பேருக்கும் சோறு பொங்கி வச்சிட்டு அவரு போட்டோ முன்னால ஒக்காந்திருக்கு அது. எம்மேலதான் ஏற்கெனவே ஆயிரம் பழி. இதுவும் சேந்து கெடக்கட்டும்."

"பொழப்புக்கு என்ன பண்ணுவ?"

"எங்க ஊருல முந்திரிக்கொட்டை ஒடைக்கக் கூப்புடுறாங்க. மொதல்ல கையி வெந்துபோவும், அப்புறம் பழகிடும்கிறாங்க."

அந்தக் கையை லீலாவதி பார்த்தாள். டைப் அடித்துப் பழகிய, நகம் ஒட்ட வெட்டிய கை. ஒரு மாதத்துக்கு முன்னால் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கை.

படி இறங்கப் போனவள் திரும்பினாள். "அக்கா, அந்த நம்பர இனிமே யாருக்காச்சும் குடுப்பீங்களா?"

"குடுக்க மாட்டேன்."

"ஆங். குடுக்காதீங்க."

அவள் போனபிறகு லீலாவதி சர்வரில் 1027-ஐக் குழுவிலிருந்து எடுத்தாள். நோட்டைத் திறந்தாள். அந்த எண்ணுக்கு எதிரே இரண்டு பெயர்கள். பரணிதரன் பெயர்மேல் பிப்ரவரியில் போட முடியாத கோட்டை இப்போது போட்டாள். அதே கோட்டைக் கீழே இழுத்து இலக்கியாவின் பெயர்மேலும் போட்டாள். மை கையில் ஒட்டியது.

லண்டனிலிருந்து யாரும் வரவில்லை. பத்தாம் நாள் ஒரு மெயில் வந்தது. விளக்கத்தை ஏற்றுக்கொண்டோம், எடுத்த நடவடிக்கைக்கு நன்றி, விடுபட்ட அத்தியாயங்களை ஜூலைக்குள் மறுபடி கட்டி அனுப்பவும். ரஞ்சித்குமார் மிஞ்சிய இருபத்தி மூன்றையும் வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிட்டு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். புவனேஸ்வரி பத்தொன்பது அத்தியாயத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள். பரணிதரனின் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடியிருக்கிறார்கள். அதைத் தொடலாம் என்றோ, அணைக்கலாம் என்றோ எம்.டி. இன்னும் சொல்லவில்லை. லீலாவதி கேட்கவும் இல்லை.

அதனால் சாயங்காலப் பட்டியலில் அந்த வரி இப்போதும் வருகிறது. 1027, மதியம் 1.15, அனுமதி மறுக்கப்பட்டது. கூட்டுவதற்கு அந்த ஃபோல்டரில் இப்போது ஒன்றுமே இல்லை.

லீலாவதி மதியம் ஒன்றேகாலுக்குச் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். டப்பாவை மூடியபடியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இரண்டு மணிக்கு மேல், சோறு ஆறியபிறகு திறப்பாள்.